மச்சில் இறங்கும் வெக்கை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (வாசகி, தேவிபட்டினம்): எங்களுடையது சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு. ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கைமரங்கள் பனை, ஆழம் நான்கு அங்குலம். மகள் படிப்பதற்கு மச்சில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். சித்திரையில் சாயங்காலம் ஆன பிறகும் அங்கே உட்கார முடிவதில்லை. கைமரங்களுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சை இடம் விடாமல் திணித்துவிட்டால் போதும் என்கிறார்கள். நாங்களே செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம், அம்மா. இடம் விடாமல் திணிப்பதை மட்டும் செய்யாதீர்கள். மண்டபத்தில் எங்கள் வீட்டு மச்சில் நான் அப்படித்தான் ஓட்டோடு ஒட்டப் பஞ்சை அடைத்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தையில் ஒரு பகுதியைப் பிரித்தபோது, பஞ்சு ஈரச் சாக்கைப் போலக் கனத்துக் கிடந்தது. ஆணித் தலைகள் துருவேறி உதிர்ந்தன. சுவரில் உட்காரும் கைமர நுனியில் விரல் நகம் இறங்கியது. பனையின் வெளிப்புறத்திலுள்ள கறுத்த, கெட்டியான வைரம் எளிதில் கெடாது. உள்ளே இருக்கும் மெத்தென்ற நார்ப்பகுதியான சோறு ஈரம் பட்டால் இற்றுப்போகும், கரையானும் அதைத்தான் முதலில் தேடி வரும். வாடைக்காற்று ஓட்டு இடுக்கில் சாரலை ஏற்றிவிடும் நம் கரையில், ஓட்டுக்கு அடியில் காற்று ஓடி ஈரத்தை உலர்த்த வழியிருக்க வேண்டும்.

ஆகவே நான்கு அங்குலத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேலே ஓர் அங்குலம் காற்றுக்கு, நடுவே இரண்டு அங்குலத் தெர்மோகோல் பலகை, கீழே ஓர் அங்குலம் வெற்றிடம், அதன்கீழ் கைமரத்தில் அடிக்கும் மச்சுப் பலகை. தெர்மோகோலின் இரு முகத்திலும் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கட்டும். காய்ந்த ஓடு கதிராக வீசும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சுத்தமான அலுமினியம் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தாளுக்கு முன்னே காற்றிடைவெளி இருந்தால்தான் அது நடக்கும், ஓட்டைத் தொட்டால் சூடு நேரே இறங்கும். மேல்முகத்தில் மணலும் தூசும் படியப் படிய அதன் திறன் குறையும். கீழ்முகத்தில் தூசு தங்காது என்பதால், இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் கீழ்முகத்தையே தேர்ந்தெடுப்பேன். தாளை நீங்களே ஒட்டுவதானால் தண்ணீரில் கரையும் பசையைப் பயன்படுத்துங்கள். ரப்பர் பசை தெர்மோகோலை அரித்துவிடும்.

பனங்கைமரங்கள் ஒரே சீராக இருப்பதில்லை. ஒவ்வோர் இடைவெளியையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, கால் அங்குலம் குறைத்து அறுத்து, கைமரத்தின் பக்கத்தில் பொருத்திய சிறு சட்டத்தின் மேல் உட்கார வையுங்கள். வைரத்தில் ஆணி அடித்தால் மரம் பிளக்கும். முதலில் துளையிட்டு, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகைப் போடுங்கள். சாதாரண துத்தநாகப்பூச்சுத் திருகு இந்த உப்புக்காற்றில் நெடுநாள் நிற்காது. கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்திலும் உச்சியான முகட்டிலும் காற்றுவழி திறந்தே இருக்கட்டும். அணிலும் எலியும் நுழையாதபடி எஃகு வலை அடியுங்கள்.

மின்கம்பியைத் தெர்மோகோல் தொடக்கூடாது. கம்பியின் பிவிசி உறையை வளையும்படி வைத்திருக்கும் இளக்குபொருளை அது உறிஞ்சிக்கொள்வதால், உறை நாளடைவில் விறைத்து விரிசல் விடும். கம்பிகளைக் குழாய்க்குள் விடுங்கள். மெயினை அணைத்த பிறகே கை வையுங்கள். தெர்மோகோல் தீப்பற்றும் பொருள் என்பதால், தீ பரவாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மச்சுப் பலகைக்கு சிமென்ட் ஃபைபர் போர்டே நல்லது. அடுப்படிக்கு மேல் மட்டும் தெர்மோகோலுக்குப் பதில் தீப்பற்றாத பாறைப் பஞ்சு வையுங்கள், அதையும் அழுத்தாமல் வையுங்கள்; அதை அறுக்கும்போது முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் அவசியம்.

குளிர்நாட்டுக் காணொளிகளில் அறைப் பக்கம் பாலித்தீன் விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே கடற்காற்றின் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. நாளைக்கு மச்சில் ஏசி வைத்தால், குளிர்ந்த பாலித்தீனின் பின்புறம் நீர் கோத்து மரத்தை நனைக்கும். அதை விரிக்காதீர்கள்.

வேலையை மாசி, பங்குனியில் விடியற்காலையில் செய்யுங்கள். அதற்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். பலகை அடைத்த பிறகு ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி (வாசகர், தொண்டி): இவ்வளவு செய்வதற்குப் பதில் ஓட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தால் போதாதா?

பதில்: ஓடு காய்வது நிச்சயமாகக் குறையும், செலவும் சொற்பம்; வாடகை வீடானால் அதையே சொல்வேன். மழையில் கரைந்துவிடுவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். கூரைத் தண்ணீரைக் குடிக்கச் சேமிப்பவர்கள், முதல் மழைகளில் வழியும் தண்ணீர் வெளுப்பு நீங்கித் தெளியும் வரை, தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி வையுங்கள்.