மெதுவான ‘டேக் ஆன் மீ’ எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

வணக்கம். ‘டெட்பூல் 2’ படத்தில் வந்த அந்த மெதுவான ‘டேக் ஆன் மீ’யைத் தேடி நார்வே இசைக்குழு ஆ-ஹாவின் ‘எண்டிங் ஆன் எ ஹை நோட்’ ஆல்பத்தை வாங்கினேன், அதில் வேகமான பாட்டுதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது 2010 டிசம்பர் 4 அன்று ஒஸ்லோவில் நடந்த கச்சேரி, அப்போதைக்கு அதுதான் கடைசி என்று அறிவித்துவிட்டு வாசித்தது, அதனால் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் இசையோடு பழைய வடிவத்திலேயே இருக்கும். திருப்பிக் கொடுக்காதீர்கள், நல்ல பதிவு.

நீங்கள் தேடுவது 2017இல் வந்த ‘எம்டிவி அன்பிளக்ட்: சம்மர் சோல்ஸ்டிஸ்’. நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள கிஸ்கே என்ற சின்னத் தீவில், அந்த ஜூன் மாதம், கொஞ்சம் பேர் முன்னால் வாசித்துப் பதிவு செய்தது. பாடகர் மார்ட்டன் ஹார்க்கெட்டுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பல்லவியில் குரல் படிப்படியாக மேலே ஏறும் இடத்தை மூலப் பாட்டில் தாளம் தள்ளிக்கொண்டு போய்விடும், இங்கே அந்தத் துணை இல்லை, குரல் தனியாகவே ஏறவேண்டும், கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

ஸ்ட்ரீமிங்கில் தேடும்போது பாட்டின் பெயரை மட்டும் போட்டால் 1985 பதிவுதான் முதலில் வரும், ஆல்பத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், ஆங்கிலேயப் பாடகி அலிசன் மோயேவுடன் பாடிய ‘சம்மர் மூவ்ட் ஆன்’ அதில்தான் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.