28,000 ரூபாய்க்கு ஐ7 லேப்டாப்: வாங்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் கோவையில் பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். ‘ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் அவசியம்’ என்று கல்லூரியில் தாள் கொடுத்துவிட்டார்கள். சீட்டு எடுத்த பணம் 45,000 இருக்கிறது. புது ஐ7-க்கு அது பத்தாதாம். தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போன கடையில், ‘ஐ7, 16 ஜிபி, புதுசு மாதிரியே இருக்கும்’ என்று ஒரு ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கிற) லேப்டாப்பை 28,000-க்குத் தருகிறார்கள். 1,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். ரசீதில் ‘ஐ7-6600யு’ என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா. அந்த ரசீதிலேயே பதில் இருக்கிறது. ஐ7 என்பதை விடுங்கள், அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6600 என்பது 6-ல் தொடங்குகிறது. ஆறாம் தலைமுறை, 2015-ல் வந்த சரக்கு. புது லேப்டாப்களில் மலிவாகக் கிடைக்கும் ஐ3-1215யு-வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் 10, 11, 12, 13 என்று தொடங்கினால் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே இது பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். அந்தப் பழைய ஐ7-க்குள் இருப்பது இரண்டே தையல் மெஷின், அதாவது வேலையைச் செய்கிற ‘கோர்’. இந்த ஐ3-க்குள் ஆறு: பெரியது இரண்டு, சின்னது நான்கு. போர்டில் ‘ஐ7 டெய்லர்ஸ்’ என்று எழுதியிருப்பதால் துணி சீக்கிரம் தைத்து வராது.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆறாம் தலைமுறை பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. ‘11 போட்டுத்தான் தருகிறோம்’ என்று கடையில் சொல்வார்கள். குறுக்கு வழியில் போட முடியும், உண்மைதான். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். மூன்றாம் செமஸ்டரில் அது படுத்துக்கொண்டால் உங்களை அங்கே கூட்டிப்போன ‘தெரிந்தவர்’ போனை எடுப்பாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆள் பிடித்துத் தருகிறவருக்குக் கமிஷன் தரும் கடைகள் நிறைய உண்டு.

கல்லூரித் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஜூனிலும் இப்படிப் பத்துத் தாளாவது என் சர்வீஸ் மேஜைக்கு வருகிறது. சிவில், பி.காம்., ஆங்கில இலக்கியம் எல்லாவற்றுக்கும் ஒரே வரி. யாரோ ஒருவர் ஒருமுறை தட்டச்சு செய்ததைத் துறை பெயரை மாற்றி மாற்றி ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். டேலியும் எக்ஸெலும் ஓட்டப்போகிற பிள்ளைக்கு ஐ7 எதற்கு? அந்த ஒரு வரிக்காக எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போகிறது என்று தாள் அடிக்கிறவர்களுக்குத் தெரியுமா? துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள். ‘அதெல்லாம் சும்மா, விண்டோஸ் ஓடினால் போதும்’ என்பார், பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? பன்னிரண்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் ஐ3, கை நீண்டால் ஐ5. ஃபைல்களைச் சேமிக்க 512 ஜிபி எஸ்எஸ்டி. 1920-க்கு 1080 திரை. ராம் 16 ஜிபி இருந்தால் நல்லது, பணம் இடித்தால் 8 ஜிபியோடு ஒரு காலி ஸ்லாட் இருக்கிற மாடலாகப் பாருங்கள், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இன்டெல்லின் அடிமட்ட பிராசஸரான செலரான் வேண்டாம். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசஸர், அதிலும் 7-ல் தொடங்கும் எண் என்றால், நான்கு இலக்கத்தில் மூன்றாவதைப் பாருங்கள்: 7520-ல் 2 இருக்கிறது, அது பழைய வடிவமைப்பு, 7530-ல் 3, அது அடுத்தது. இப்போது இன்டெல் ‘ஐ’-யையே தூக்கிவிட்டு வெறும் ‘கோர் 5’ என்று வேறு விற்கிறது. இந்தப் பெயரெல்லாம் வைக்கிறவர்களை ஒருநாள் கடை கவுன்டரில் நிற்க வைக்க வேண்டும்.

காலி ஸ்லாட் இருக்கிறதா என்று விற்பனைப் பையனைக் கேட்காதீர்கள், ‘இருக்கு மேடம்’ என்றுதான் சொல்வான். டிஸ்ப்ளேயில் இருக்கும் மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. கீழே ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஒன்று காலி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் அந்த ராம் போர்டோடு பற்றவைத்தது, கழற்ற முடியாது. மேலே சிபியூ-வைத் தொட்டால் பிராசஸரின் முழுப் பெயரும் வரும். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். போன வருடம் ஒரு மாணவன் கொண்டுவந்த லேப்டாப்பில் வெளியே ஐ7 ஸ்டிக்கர், உள்ளே நான்காம் தலைமுறை ஐ5. பேட்டரி உப்பி, டச்பேடு அப்பளம் மாதிரி மேலே எழும்பியிருந்தது. அதற்கு 22,000 கொடுத்திருந்தார்கள்.

ரீஃபர்பிஷ்டு எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழிக்கும் திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் மாதிரி மெஷின்கள் நன்றாக உழைக்கும். கீபோர்டே தனி சுகம். ஆனால் கணக்கு உண்டு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக அங்கேதான் கோடு. கண் முன்னால் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் ‘டிசைன் கெபாசிட்டி’ 50,000 என்றும் ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ 20,000 என்றும் இருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது, புது பேட்டரிக்கான பணத்தை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், ஆறு மாதமாவது எழுத்தில் வாரன்டி. ‘நம்ம கடைதானே, எப்ப வேணா கொண்டு வாங்க’ என்பது வாரன்டி ஆகாது. இவ்வளவும் சரியாக இருந்து, விலையும் புதியதில் பாதியாக இருந்தால் எடுக்கலாம். உங்களுக்குக் காட்டியது முதல் படியிலேயே விழுந்துவிட்டது.

புதிது வாங்கும்போது ஆன்டிவைரஸ் தலையில் கட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸோடு வருவதே போதும். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’-யில் பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பின்வாசல் வழியாக வரும். கையில் ரொக்கம் இருக்கும்போது அது எதற்கு? விண்டோஸ் இல்லாமல் வரும் டாஸ் மாடல் 4,000 ரூபாய் குறைவு என்று காட்டினால், ஒரிஜினல் விண்டோஸின் விலையை முதலில் கேளுங்கள்.

அட்வான்ஸைத் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். தரவே மாட்டேன் என்றால் அந்த 1,000-க்கு அங்கேயே ஒரு மவுஸும் பையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மகளுக்கு எப்படியும் வேண்டியிருக்கும்.