பையனைப் பள்ளிக்கு அனுப்புங்கள்

வணக்கம் ஐயா,

சியாட்டிலில் வசிக்கிறேன். இங்குள்ள யூதக் குடும்ப சேவை நிறுவனம் ஒன்றின் தன்னார்வலராக, கென்ட் பக்கம் குடியேறிய ஆப்கன் குடும்பத்துக்கு உதவுகிறேன். மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் வீட்டில் பயப்படுகிறார்கள். முஸ்லிம் குடும்பத்துக்கு யூதர்கள் ஏன் உதவ வேண்டும் என்றும் புரியவில்லை. ஈத் பெருநாளுக்கு என்ன பரிசு தரலாம்? மற்றபடி வேலை சுலபம். அவர்களுடைய பதினோரு வயதுப் பையன் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறான். போன வாரம் அவன் அம்மாவின் ஸ்கேனுக்கும் மொழிபெயர்க்க அவனையே அழைத்துப் போனேன். அடுத்த வியாழன் மறுபடி டாக்டர்.

வி.

அன்புள்ள வி.,

மதமாற்றப் பயத்தை விடுங்கள். தானாகத் தேடிவருபவரைக்கூட யூதர்கள் எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை. ஏன் உதவுகிறார்கள் என்றால், ‘எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள்’ என்று அவர்களுடைய வேதமான தோரா திரும்பத் திரும்பச் சொல்கிறது. ரஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பிவந்த யூதர்களுக்காக நியூயார்க்கில் 1881இல் வேர்விட்ட ஹயாஸ் என்ற யூத உதவி அமைப்பு, 1975க்குப் பின் வியட்நாம் அகதிகளையும் குடியமர்த்தியது. 2018இல் பிட்ஸ்பர்க் நகரின் யூத ஜெபக்கூடத்தில் 11 பேரைக் கொன்றவனின் ஆத்திரம் இந்த அகதிப் பணியின் மேல்தான். அதற்குப் பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. பரிசு விஷயத்தை உங்கள் கேஸ் மேனேஜரிடம் கேளுங்கள்.

ஆனால் அந்தப் பையன்? ‘வேலை சுலபம்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? யாருக்குச் சுலபம்? தன் நோயைத் தான் பெற்ற மகனின் வாயால் சொல்ல வேண்டிய தாய், எதையெல்லாம் விழுங்கியிருப்பார் என்று யோசித்தீர்களா? மாதவிடாய், கருச்சிதைவு, மனச்சோர்வு எதையும் அவன் முன்னால் அவர் பேச மாட்டார். பயாப்ஸி என்ற சொல் வந்தால் அவன் அதைத் தாண்டிப் போவான். கெட்ட செய்தி வந்தால் மென்று சொல்வான். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது தவறிப்போகும். பள்ளி ஒரு நாள் போகும். வீட்டில் அப்பாவுக்குத் தெரியாதது மகனுக்குத் தெரியும் என்றானபின், அப்பாவின் சொல்லுக்கு மதிப்பு எங்கே? இதையெல்லாம் அந்தக் குழந்தை தலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள்.

இது தேவையே இல்லை என்பதுதான் வருத்தம். 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டப்படி, மத்திய அரசுப் பணம் பெறும் மருத்துவமனை இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவுக்கான விதிகள், பாதுகாப்புக்கோ நலனுக்கோ உடனடி ஆபத்துள்ள அவசரம் தவிர சிறுவரை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுக்கின்றன. கேட்காதவருக்குத்தான் கிடைப்பதில்லை.

முதலில் அந்த அம்மாவிடம் எந்த மொழி என்று கேளுங்கள். தாரியா, பாஷ்டுவா? ஆப்கன் என்பதால் இரண்டும் தெரியும் என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கொஞ்சம் இந்தி புரிந்து, உங்களுக்கும் இந்தி தெரிந்தாலும் மொழிபெயர்க்க நடுவில் புகாதீர்கள். பிறகு கிளினிக்குக்கு போன் செய்து, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவருடைய கோப்பிலேயே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள். உறுதி செய்யாமல் விட்டால்தான் மொழிபெயர்ப்பாளர் வராமல் போவது. ஊரின் ஆப்கன் சமூகம் சிறியது. உள்ளூர் ஆள் வந்தால் விஷயம் வெளியே போகுமோ என்று அவர் அஞ்சலாம். அப்படியானால் வேறு ஊரிலிருந்து பேசும் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அன்று வரவேற்பு மேசையில் ‘பையன் வரவில்லையா’ என்பார்கள். போன் வழியாக மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கச் சொல்லி உறுதியாக நில்லுங்கள். முடியாது என்றால், அவசரமில்லாத சந்திப்பைத் தள்ளிவையுங்கள். அறைக்குள் ஸ்பீக்கர் போனை நடுவில் வைத்து, டாக்டர் போனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசட்டும், ஒரு தடவைக்கு ஓரிரு வாக்கியம். மொழிபெயர்ப்பாளரின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மருந்தை எப்படி எடுப்பீர்கள் என்று அம்மாவையே திருப்பிச் சொல்லவைக்க டாக்டரிடம் கேளுங்கள். தவறு அங்கேயே பிடிபடும். பரிசோதனையின்போது அவர் விரும்பினால் ஒழிய நீங்கள் வெளியே உட்காருங்கள்.

பள்ளியில் ஆசிரியர் சந்திப்புக்கும் இதே வழிதான். தன் மதிப்பெண்ணைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்படி அவனை விடாதீர்கள்.

வியாழனுக்கு நாள் இருக்கிறது. இன்றே கிளினிக்குக்கு போன் செய்யுங்கள்.