இடிபடாமலே முட்டி போவது எப்படி?

கேள்வி: டாக்டர், வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கு மாலையில் போலா பாலிங் (பந்தைக் கையால் எறிந்து கோல் அடிக்கும் ஹேண்ட்பால்) சொல்லிக் கொடுக்கிறேன். 11 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்கள். இந்த ஆண்டில் மட்டும் மூவருக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. 13 வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு மாதமாக, எறிகிற கையில் தோள்பட்டை வலி. அதே வயது இன்னொருத்தி கோல் அடிக்கக் குதித்து இறங்கும்போது முட்டியில் ‘டக்’கென்று கேட்டதாம், அன்று இரவே நன்றாக வீங்கிவிட்டது. பத்து நாளில் வீக்கம் வடிந்து, இப்போது ஆட வரவா என்கிறாள். இவர்களை யாரும் இடிக்கவில்லை. தைலம் தேய்த்து உருவிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: முட்டியில் சத்தம் கேட்ட பெண்ணை ஆட விடாதீர்கள். சத்தம், சில மணி நேரத்துக்குள் வீக்கம் இரண்டும் சேர்ந்து வந்தால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டியை நடுவில் பிடித்து வைத்திருக்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்தால் இப்படித்தான் ஆகும். வீக்கம் வடிந்ததும் நேராக நடக்க முடியும், அதுதான் ஏமாற்றுகிறது. ஓடித் திரும்பும்போது முட்டி நழுவும், ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழியலாம். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் கடிதம் வாங்கி, ஈப்போ பெரிய மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வயதையும் சத்தம் கேட்டதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

யாரும் இடிக்கவில்லை என்கிறீர்கள். இந்த ஆட்டத்தில் முட்டி பெரும்பாலும் தனியாகத்தான் போகிறது: ஓடிவந்து ஒரு காலை ஊன்றி எதிராளியை ஏமாற்றித் திரும்பும்போது, அல்லது குதித்து எறிந்து ஒற்றைக் காலில் இறங்கும்போது. கால் நிமிர்ந்தபடி இருக்க, முட்டி உள்பக்கமாகச் சரிந்தால் முழுப் பாரமும் அந்த நாரில் விழுகிறது. பெண் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வயதுக்கு வந்த பிறகு, இந்த ஆபத்து ஆண் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம்.

அதனால் எறிவதற்கு முன்னால் இறங்கக் கற்றுக்கொடுங்கள். ஓரடி உயரப் பெட்டியிலிருந்து இரண்டு காலிலும் இறங்கட்டும்; இடுப்பும் முட்டியும் மடங்க வேண்டும், முட்டி கால் விரல்களுக்கு நேரே நிற்க வேண்டும், தரையில் சத்தம் வரக்கூடாது. ‘தொம்’ என்று கேட்டால் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எதிரே நின்று பார்த்தால் முட்டி சரிவது உங்களுக்கே தெரியும். இது கை வந்த பிறகே ஒற்றைக் கால். அதற்கும் பிறகுதான் பந்தோடு. நார்வேயில் 15 முதல் 17 வயது வீரர்கள் 1,800 பேருக்கு மேல் பங்கெடுத்து 2005இல் வெளிவந்த ஆய்வில், ஆட்டத்துக்கு முன் 15–20 நிமிடம் இப்படிப் பயிற்சி செய்த அணிகளில் முட்டி, கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அவர்கள் செய்தது மெதுவோட்டம், ஒற்றைக் காலில் நின்றபடி பந்து பரிமாறுவது, குதித்து இறங்குவது, தொடைப் பயிற்சி, இவ்வளவுதான். தொடைக்கு: மண்டியிட்டு நிற்பவரின் கணுக்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, உடம்பு வளையாமல் மெல்ல முன்பக்கம் சாய வேண்டும். ஐந்து முறையில் தொடங்கி, சில வாரங்களில் பத்து. மழைக்காலத்தில் நேரம் குறைந்தால் ஆட்டத்தைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

தோள் வலிக்கு, முதலில் பந்தைப் பாருங்கள். பள்ளிகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு அளவுப் பந்துதான் கிடக்கும், எல்லாரும் அதையே எறிவார்கள். சர்வதேச விதிப்படி 8 முதல் 14 வயதுப் பெண்களுக்கும் 8 முதல் 12 வயது ஆண்களுக்கும் 1ஆம் எண் பந்து: சுற்றளவு 50–52 செ.மீ., எடை 290–330 கிராம். ஆண் பெரியவர்களின் 3ஆம் எண் பந்து 425–475 கிராம். அதைச் சின்னக் கை பிடிக்க முடியாமல் இறுக்கும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், இடுப்பு திரும்பாமல் கை மட்டுமே வேலை செய்யும். வளரும் பிள்ளைக்கு மேற்கை எலும்பின் தலைக்கருகே மென்மையான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. வலி அங்கேயே பிடிக்கலாம். எனவே அந்தப் பெண் இப்போதைக்கு எறியவே வேண்டாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும். ஓடலாம், தடுப்பு பழகலாம். வலி முழுதாகப் போன பின்னும் அருகில் நின்று மெதுவாக எறிவதில் தொடங்கி, எறிதல்களை எண்ணி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கூட்டுங்கள்.

சுளுக்குக்குத் தைலமும் உருவலும் முதல் மூன்று நாள் வேண்டவே வேண்டாம். கிழிந்த நாரை அழுத்தித் தேய்த்தால் இரத்தக் கசிவு கூடுகிறது. ஐஸைத் துணியில் சுற்றி 15–20 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. மீள்கட்டு (இழுபடும் துணிக்கட்டு), காலைத் தூக்கி வைப்பது. நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் குமிழ் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே. வலி குறைந்ததும் தினமும் பல் துலக்கும்போது அந்தக் காலில் நிற்கச் சொல்லுங்கள். இதை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி சுளுக்குகிறது. ஒற்றைக் காலில் வலியில்லாமல் குதித்து, வளைந்து வளைந்து ஓட முடிந்த பிறகே ஆட்டம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரலும் வரும். பந்து நுனியில் பட்டு விரல் நுனி தொங்கினால் இழுத்து நேராக்காதீர்கள். நேராக வைத்துப் பிளாஸ்டிக் கட்டு, 6–8 வாரம், இரவிலும் கழற்றாமல். நடுவில் ஒருமுறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து.

சிமெண்டுத் தளத்தில் ஆடினால் மணலைப் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். அடி தேய்ந்த கறுப்புப் பள்ளிச் சப்பாத்து வழுக்கும். குதிகால் பக்கம் உயர்ந்த ஓட்டச் சப்பாத்து பக்கவாட்டில் மடங்கும். அடி தட்டையான, ரப்பர் பிடிப்புள்ளதே சரி. குதித்திருப்பவரின் எறிகிற கையைப் பின்னாலிருந்து இழுப்பவரை உடனே வெளியே உட்கார வையுங்கள், பயிற்சியானாலும் சரி. கடைசியாக, தூக்கி வைக்கும் கோல் கம்பத்தின் பின்காலில் இன்றே மணல் மூட்டை கட்டுங்கள். இடைவேளையில் சின்னப் பிள்ளைகள் அதில் தொங்கினால் கம்பம் முன்பக்கம் கவிழ்ந்து தலையில் விழும்.