சிங்கப்பூரின் பொங்கோல் நீர்வழி இயற்கையான ஆறா, வெட்டிய கால்வாயா?

அது முழுக்க முழுக்க மனிதர் வெட்டிய கால்வாயே; இருபுறமும் அடர்ந்திருக்கும் செடிகொடிகளைப் பார்ப்பவர்கள் ஆறு என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஏறத்தாழ 4.2 கிலோமீட்டர் நீளமுள்ள அது, மேற்கே பொங்கோல் நீர்த்தேக்கத்தையும் கிழக்கே சிராங்கூன் நீர்த்தேக்கத்தையும் இணைக்கிறது.

இவ்விரு தேக்கங்களும் முன்பு ஜொகூர் நீரிணையில் கலந்த ஆறுகளின் முகத்துவாரங்கள். கடல்நீர் ஏறி இறங்கிய அந்த இடங்களில் அணை கட்டி உப்புநீரைத் தடுத்து, மழைநீரைத் தேக்கியதால் அவை காலப்போக்கில் நன்னீர் ஏரிகளாயின. சிங்கப்பூரின் 16ஆம், 17ஆம் நீர்த்தேக்கங்களாக 2011இல் அவை திறக்கப்பட்டன. கால்வாயும் அதே ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது.

கோழி, பன்றிப் பண்ணைகளும் கம்பங்கள் எனப்படும் கிராமங்களும் இருந்த வட்டாரம் இது. பழைய பொங்கோல் சாலையின் ஒரு பகுதி இன்று நடைபாதையாக, கால்வாய்க்கு அருகிலேயே எஞ்சியிருக்கிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை, அதிகம் பேசப்பட வேண்டியது லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு. சிராங்கூன் தேக்கத்தின் கிழக்குக் கரையில் இருந்த அக்குப்பைமேடு 1999இல் மூடப்பட்டாலும், புதையுண்ட குப்பையிலிருந்து கசியும் கழிவுநீர் குடிநீர்த் தேக்கத்தில் கலந்துவிடும் அபாயம் நீங்கவில்லை. அதனால்தான் அக்கசிவைத் தடுத்துச் சேகரித்து, நாணல் வகைத் தாவரங்களின் வழியே செலுத்திச் சுத்திகரிக்கும் சதுப்புநிலம் அங்கே அமைக்கப்பட்டது.