மண்ணில் பிறக்கும் மருந்துகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணிலிருந்து கிடைத்தது என்று போன வாரம் எழுதினேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

யாங்கூன் மாணவி: அக்கா, மண்ணில் இருக்கிற பாக்டீரியா நமக்கு எதற்கு மருந்து செய்கிறது?

நமக்காக எங்கே செய்கிறது, தனக்காகத்தான். முதல் மழையில் மண்வாசனை வருகிறதே, அதைத் தருகிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாதான் நம் மருந்துகளில் பலவற்றுக்கும் மூலம். பூஞ்சை மாதிரி இழை இழையாக வளரும். இரை தீர்ந்ததும் தன் இழைகளில் ஒரு பகுதியைத் தானே கரைத்து, அந்தச் சத்தைக் கொண்டு வித்துகளை உண்டாக்கும். சத்து வெளியே கசிந்தால் அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் சும்மா இருக்குமா? பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஆன்டிபயாடிக் சுரக்கிறது. மொய்க்க வருவதைத் தடுக்கவே சுரக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அதே மாணவி: தன் விஷத்தில் அதுவே செத்துவிடாதா?

சாகாது. ஸ்ட்ரெப்டோமைசினைச் செய்யும் பாக்டீரியா அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி முடக்கி வைக்கும். வெளியே போன பிறகுதான் அது கழலும். எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைச் செய்யும் பாக்டீரியாவின் வழி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மருந்து போய் ஒட்டும் இடம், செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம். தன் ரைபோசோமில் அந்த இடத்தையே மாற்றி வைத்துக்கொள்ளும். இதே தந்திரங்களை நோய்க்கிருமிகளும் கையாள்கின்றன. மருந்து கேட்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மோல்மேன் வாசகர்: எந்த மருந்து எதற்கு என்று சொல்லுங்களேன்.

முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கும் பிளேக்குக்கும். 1943-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், எரு போட்ட வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார். 1952-இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. எனக்கு இது இன்றும் உறுத்தல்தான். பிரான்ஸின் தென்கடற்கரை மண்ணில் 1957-இல் கிடைத்த பாக்டீரியாவின் வழியில் வந்தது ரிஃபாம்பிசின். காசநோய், தொழுநோய் இரண்டுக்கும் இன்றுவரை முதுகெலும்பு. வெனிசுவேலா மண்ணின் குளோராம்பெனிகால் டைபாய்டுக்குப் பேர்போனது. அரிதாக எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும் என்பதால் இப்போது யோசித்துத்தான் தருவார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்து டாக்சிசைக்ளின் காலராவுக்கும், புதர்களில் உண்ணிப்பூச்சி கடித்து வரும் டைபஸ் காய்ச்சலுக்கும். போர்னியோ மண்ணின் வான்கோமைசின், மற்ற மருந்துக்கு மசியாத, புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃப் கிருமிக்கு.

பகோ விவசாயி: மண்ணிலேயே மருந்து இருக்கிறதென்றால், காலில் வெட்டுப்பட்டால் சேற்றைப் பூசலாமா? எங்கள் பெரியவர்கள் பூசுவார்கள்.

கூடவே கூடாது அண்ணே. ஒரு பிடி மண்ணில் இருக்கும் ஆன்டிபயாடிக் புண்ணுக்குக் காணாது, ஆனால் கிருமி தாராளமாக இருக்கும். டெட்டனஸ் உங்களுக்கே தெரியும். தெரியாத இன்னொன்று மெலியாய்டோசிஸ் என்ற நோய். அதை உலகுக்கு முதலில் விவரித்ததே நம் ரங்கூனில்தான்! ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் கண்டு 1912-இல் எழுதினார்கள். நம்மூர்ப் பெயர் ஒன்று அந்தக் கண்டுபிடிப்பில் இருப்பது பலருக்குத் தெரியாது.

இந்த நோயின் கிருமி வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. வெட்டுக்காயம் வழியாக நுழையும், மழைக்காலத்தில் அதிகம், சர்க்கரை நோயாளிகளைத்தான் முதலில் பிடிக்கும். காசநோய் மாதிரியே இருமலும் நெஞ்சுச்சளியும் வரலாம். பென்சிலினும் ஜென்டாமைசினும் பெரும்பாலும் வேலை செய்யாது. செஃப்டாசிடிம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மாதக்கணக்கில். முதலாவதின் மூலம், சார்டினியா தீவில் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் 1945-இல் கிடைத்த பூஞ்சை. இரண்டாவது ஆய்வுக்கூடத்தில் செய்தது. நடவுக்கு இறங்கும்போது பூட்ஸ் போடுங்கள். காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுங்கள்.

தட்டோன் அம்மா: டெங்குவுக்கு இவற்றில் எது?

எதுவுமில்லை. அது வைரஸ், இந்த மருந்துகள் பாக்டீரியாவுக்குத்தான்.

யாங்கூன் வாசகர்: கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து ஒரு பொட்டலமாகத் தருகிறார்கள். இரண்டு வேளையில் காய்ச்சல் விட்டுவிடுகிறதே?

காய்ச்சலை இறக்கியது அதில் உள்ள பாராசிட்டமாலாக இருக்கலாம். கூடவே ஒரே ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை இருந்தால், அது கிருமியைத் தீர்க்காது, தாக்குப்பிடிக்கப் பழக்கும். அப்புறம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தாலும் சிக்காமல் போகலாம். பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று பெயர் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.