சூட்டுவலியா, பிரசவ வலியா? மும்பை வாசகிகளின் கேள்விகளும் பதில்களும்

பதற்றமில்லாமல் நார்மல் டெலிவரிக்குத் தயாராவது பற்றிக் கேட்டு மும்பை, தாணே, நவி மும்பை வாசகிகள் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். உங்கள் டாக்டர் உங்களைப் பரிசோதித்து வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

கே: 38 வாரம் ஆகிறது. அடிவயிறு கல்லாக இறுகி, பிறகு விடுகிறது. ஊரிலிருந்து அம்மா "சூட்டுவலிதான், சீரகக் கஷாயம் குடி" என்கிறார். மாமியார் "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்கிறார். எதைக் கேட்பது? நிஜ வலி வந்தால் எப்போது கிளம்பணும்?
(செம்பூர் வாசகி)

ப: அம்மாவின் கஷாயம் மருந்தாக இல்லாவிட்டாலும் ஒரு நல்ல சோதனை. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும், நாளெல்லாம் நின்றாலும் கர்ப்பப்பை சும்மா இறுகிப் பார்க்கும். அதனால் ஒரு டம்ளர் கஷாயம் குடியுங்கள், சிறுநீர் கழியுங்கள், இளஞ்சூட்டு வெந்நீரில் குளித்துவிட்டு இடதுபக்கமாக ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுங்கள். சூட்டுவலி என்றால் தளர்ந்துவிடும். பிரசவ வலி இதற்கெல்லாம் மசியாது. பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பக்கம் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும். வரவர நீளும், நெருங்கும், நடுவில் பேச்சை நிறுத்த வைக்கும். 37 வாரம் முடியாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறை ஒழுங்காக இறுகினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

நேரம் பார்ப்பதில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். ஒரு வலி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ணக் கூடாது. ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம்வரை எண்ணணும். முதல் பிரசவத்துக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிப்பது, இப்படியே ஒரு மணி நேரம். அப்போது கிளம்பலாம். ஆனால் இது ஆஸ்பத்திரி கால் மணி தூரத்தில் உள்ளவர்களுக்கான கணக்கு. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் சாயங்கால நெரிசலைத் தாண்ட வேண்டியவர்கள் 7, 8 நிமிட இடைவெளியிலேயே வண்டி ஏறிவிடுங்கள். ரெண்டாவது பிரசவம் என்றால் இன்னும் முன்னதாகவே, ஏனென்றால் அது சொல்லிக்கொண்டு வராது. ஜூன் முதல் செப்டம்பருக்குள் தேதி உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்தால் ஹிந்த்மாதா, சயான் பக்கம் தண்ணீர் தேங்கும். எனவே அந்த வாரங்களின் கடல் ஏற்ற நேரத்தைக் காலண்டரில் குறித்து வைத்து, சுற்றிப் போகும் வழியை ஒரு தடவை பகலில் போய்ப் பார்த்துவிடுங்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

ரொம்பச் சீக்கிரம் போவதிலும் நஷ்டம் உண்டு. கர்ப்பப்பை வாய் 2, 3 சென்டிமீட்டர் திறப்பதற்கே முதல் பிரசவத்தில் பல மணி நேரம் ஆகலாம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும். அதை வீட்டில் கழித்தால் தூங்கலாம், இட்லி சாப்பிடலாம். வார்டில் கழித்தால் "இன்னும் முன்னேறலையே" என்று வலியைக் கூட்டும் ட்ரிப் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிரசவத்தின் தீவிரக் கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்து அவசரப்படுத்தக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. 2 சென்டிமீட்டரில் போய், "வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் மனம் நோக வேண்டாம்.

நேரக் கணக்கெல்லாம் பார்க்காமல் ஓட வேண்டிய சமயங்கள் உண்டு. ரத்தம் மாதவிடாய் போலப் போவது, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியுடன் கண் மங்குவது, இறுகிய வயிறு விடாமலே இருப்பது. ரத்தம் இழையோடிய கெட்டியான சளி மட்டும் வந்தால் அது கர்ப்பப்பை வாய் திறக்கத் தயாராகிறது என்பதற்கான அடையாளம், அவசரமில்லை. பனிக்குடம் உடைந்தால் மணியைக் குறித்துக்கொண்டு வெள்ளை நாப்கின் வைத்து நிறம் பாருங்கள். தெளிவாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். பச்சை அல்லது பழுப்பு என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே கிளம்பணும். தண்ணீரோடு தொப்புள்கொடி போல ஏதாவது கீழே தட்டுப்பட்டால் முட்டி போட்டுக் குனிந்து, தலையைத் தரையில் வைத்து, இடுப்பைத் தூக்கியபடியே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கொடியைத் தொட்டு உள்ளே தள்ளக் கூடாது.

கே: மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். அங்கே நன்றாக வருகிறது. ஆனால் வலியில் இதெல்லாம் ஞாபகம் வருமா?
(முலுண்ட் வாசகி)

ப: பாயில் படுத்து, மெல்லிசை கேட்டுக்கொண்டு பழகியது வராது. கொஞ்சம் அசௌகரியத்தோடு பழகியதுதான் வரும். கை நிறைய ஐஸ் கட்டியை எடுத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அந்த நேரத்தில் மூக்கால் 4 எண்ணி இழுத்து, தளர்ந்த வாயால் 6 எண்ணி விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி, ஆக ஒரு வலிக்கு 6 மூச்சு. "இன்னும் நாலு மூச்சு, மூணு மூச்சு" என்று எண்ண முடிவதே பாதி தைரியம். பிறகு 3 நிமிட ஓய்வு, மறுபடி ஐஸ். இப்படி 5 தடவை, 32 வாரத்திலிருந்து தினமும்.

முக்கியம் இழுப்பதல்ல, விடுவது. நீளமாக விடும்போது தோளும் தாடையும் தானே இறங்கும். பயந்து பல்லைக் கடித்தால் அட்ரினலின் ஏறும், அது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினுக்குக் குறுக்கே நிற்கும், வலி இருந்தும் முன்னேற்றம் இராது. கத்தக் கூடாது என்பதில்லை. கீச்சென்று கத்தினால் கழுத்து இறுகும், "ஊ…ம்" என்று அடித்தொண்டையில் முனகினால் இறுகாது. வார்டில் யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

பொதுவாக நடக்கும் தவறு, வேகவேகமாக மூச்சு வாங்குவது. உதடும் விரல் நுனியும் மரத்து, தலை சுற்றினால் அதுதான் காரணம். ரெண்டு கையையும் குவித்து மூக்கு, வாயை மூடி அதற்குள் மெதுவாக நாலைந்து மூச்சு விட்டால் சரியாகும்.

கடைசிக் கட்டத்தில் முறை மாறும். கர்ப்பப்பை வாய் 8 சென்டிமீட்டருக்கு மேல் திறக்கும்போது பலருக்கு நடுக்கம், வாந்தி, "என்னால் முடியாது" என்ற அழுகை எல்லாம் வரும். பிரசவம் முடியப் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. முழுதாகத் திறப்பதற்குள் முக்க வேண்டும் போல் தோன்றினால், மெழுகுவர்த்தி ஊதுவது போல "ஃபூ ஃபூ" என்று விட்டுச் சமாளியுங்கள். அவசரப்பட்டு முக்கினால் கர்ப்பப்பை வாய் வீங்கிக்கொள்ளும். பிறகு முக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு 10 எண்ணுவதைவிட, உந்துதல் வரும்போது மட்டும் 5, 6 விநாடி முக்கி, மூச்சு வாங்கி, மறுபடி முக்குவது நல்லது. தலை வெளியே தெரியும்போது முக்குவதை நிறுத்தி, நாய் இளைப்பது போல இளைக்கணும். கிழியாமல் தப்பிக்க இது பெரிய உதவி.

கே: என் மனைவிக்குத் துணையாக உள்ளே இருக்க ஆஸ்பத்திரியில் அனுமதி உண்டு. ஆனால் நான் அங்கே என்ன செய்யணும் என்று யாரும் சொல்லவில்லை.
(டோம்பிவ்லி வாசகர்)

ப: பெரிய வேலை உங்கள் உள்ளங்கைக்குத்தான். வலி தொடங்கியதும், இடுப்புக்கு நேர் பின்னால் முதுகெலும்பு முடியும் தட்டையான இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, உங்கள் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். தடவுவது போதாது, அழுத்தணும். வலி விடும்போது எடுத்துவிடுங்கள். குழந்தை முகம் மேலாக இருந்து முதுகுவலியாகவே வருபவர்களுக்கு இது வேறெதையும்விட அதிகம் கேட்கும்.

மணிக்கொரு தடவை சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்க இடம் விடாது, வலியில் இருப்பவருக்கு அந்த உணர்வே தெரியாது. ஒவ்வொரு வலிக்குப் பின்னும் ரெண்டு வாய் தண்ணீரோ இளநீரோ கொடுங்கள். மல்லாந்து படுக்க விடாதீர்கள். சுவரில் கை ஊன்றி ஆடுவது, நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் முதுகில் சாய்வது, மண்டியிட்டுக் கட்டிலில் தலை வைப்பது, களைத்தால் இடதுபக்கம் படுப்பது என்று அரை மணிக்கொரு தடவை மாற்றுங்கள். வலியின் நடுவில் கேள்வி கேட்காதீர்கள், போன் பார்க்காதீர்கள். மாமியார் வீட்டுக்கு வீடியோ கால் வேண்டவே வேண்டாம்.

கே: மாநகராட்சி ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். தனியாக இருக்க வேண்டி வருமோ என்று பயம். மராத்தியும் எனக்கு அவ்வளவாக வராது.
(தாராவி வாசகி)

ப: அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இலேயே அனுமதித்தது. தானே பிள்ளை பெற்ற, தொற்று நோய் இல்லாத உறவுக்காரப் பெண்ணாக இருக்கணும். நெரிசலைக் காட்டி வாசலில் மறுப்பதும் நடக்கும். ஆகவே 8-ஆம் மாதப் பரிசோதனையின்போதே சிஸ்டரிடம் கேட்டு, யார் வருவார் என்பதைச் சொல்லிவைத்துவிடுங்கள். முந்தின பதிலில் உள்ளதை அந்த அக்காவோ அத்தையோ படித்துக்கொள்ளட்டும்.

பாஷைக்கு ஏழெட்டுச் சொல் போதும். வலிக்கு மராத்தியில் "கள". "கள ஆலி" என்றால் வலி வந்துவிட்டது. பனிக்குடம் உடைந்ததற்கு "பாணி கேலம்". "ஷ்வாஸ் க்யா" மூச்சு இழு, "ஷ்வாஸ் ஸோடா" மூச்சு விடு, "ஜோர் லாவ்" முக்கு. இந்தியில் "ஜோர் லகாவ்", முக்காதே என்பதற்கு "ஜோர் மத் லகாவ்". "மலா சக்கர் யேதே" என்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. இதைச் சொல்லத் தயங்கி விழுந்துவிடாதீர்கள்.

கே: 9-ஆம் மாதத்தில் விளக்கெண்ணெய் குடித்தால் சுகப்பிரசவம் ஆகுமாமே? நெய், பேரீச்சம்பழம், குங்குமப்பூ?
(வாஷி வாசகி)

ப: விளக்கெண்ணெய் வேண்டாம். அது குடலைக் கிளறி வயிற்றுப்போக்கு, வாந்தி உண்டாக்கும். பிரசவத்துக்குத் தேவையான தெம்பும் தண்ணீரும் அதிலேயே போய்விடும். நெய் வழுக்கிக் குழந்தையைத் தள்ளாது, நெய் போவது இரைப்பைக்கு, குழந்தை இருப்பது கர்ப்பப்பையில். பேரீச்சம்பழத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 36 வாரத்திலிருந்து தினம் 6 பழம் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் திறப்பது சற்று எளிதாக இருந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை உள்ளவர்கள் தொடாதீர்கள். குங்குமப்பூ பாலுக்கு மட்டும்தான் நிறம் தரும்.

கிழிசலைக் குறைக்க உண்மையிலேயே உதவுவது வேறொன்று. 35 வாரத்திலிருந்து வாரம் ரெண்டு தடவை, குளித்த பிறகு, நகம் வெட்டிய சுத்தமான கட்டைவிரலில் தேங்காயெண்ணெய் தொட்டு, பிறப்புறுப்பினுள் 3 சென்டிமீட்டர் அளவு வைத்துக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், 5 நிமிடம். லேசாக எரியும்போது உடம்பைத் தளர்த்திப் பழகுவதுதான் இதன் பயன். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், தொற்று உள்ளவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள் செய்யக் கூடாது.

கே: தலைப்பிரசவம். ஊருக்குப் போனால் நார்மல் ஆகும், மும்பையில் சிசேரியன்தான் என்கிறார்களே?
(மாட்டுங்கா வாசகி)

ப: கணக்கு வேறு சொல்கிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் சிசேரியன் 25.4 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9. நாடு முழுக்க எடுத்தால் தனியார் ஆஸ்பத்திரிகளில் 47.4, அரசு ஆஸ்பத்திரிகளில் 14.3. ஊரைவிட நீங்கள் நுழையும் கதவுதான் வித்தியாசம் செய்கிறது. அதனால் டாக்டரிடம் "நார்மலுக்கு முயற்சி பண்ணுவீங்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "தலைப்பிரசவத்துக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆகிறது? வலியில் நடக்க விடுவீர்களா? தேதி தாண்டினால் எத்தனை நாள் பார்ப்பீர்கள்? பிறப்பு வழியைக் கீறித் தையல் போடுவது எல்லோருக்குமா, தேவைப்பட்டால் மட்டுமா?" என்று கேளுங்கள். சொன்ன தேதியிலேயே பிறப்பது இருபதில் ஒரு குழந்தைதான். எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் தேதி தாண்டிய மறுநாளே ட்ரிப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. 41 வாரம் ஆனதும் வலி வரவழைப்பது பற்றிப் பேசலாம்.

அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவு செய்தால் கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் பிரசவம் பார்த்தால் பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்சிஹெச் எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் தரும் எண்) கேட்பார்கள், அங்கே போனதும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்துவிடுங்கள்.

கே: பையில் என்னென்ன வைக்கணும்?
(ஐரோலி வாசகி)

ப: கடைப் பட்டியல்களில் பாதி வீண். பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, வெயிலில் உலர்த்திக் கிழித்த துணிகள், முன்பக்கம் திறக்கும் நைட்டி 3, பெரிய நாப்கின் 2 பாக்கெட், வெந்நீர்ப் பை, உறிஞ்சு குழலோடு தண்ணீர் பாட்டில், நீளமான சார்ஜர் ஒயர். வாயால் மூச்சு விட்டு உதடு வெடித்துவிடும், அதற்குக் கொஞ்சம் நெய் போதும். மழைக்காலமென்றால் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டுங்கள். ஃபைல், ரத்த வகைச் சீட்டு, கடைசி ஸ்கேன், ஆதார் மட்டும் தனிக் கவரில், பைக்கு வெளியே.